காசில் நேர்ந்த பிழையும் கண்ணில் நேரும் பிழையும்

நாணயம் என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். மனிதனின் நேர்மையும் நாணயம். வாக்குத் தவறாதவனை நாணயஸ்தன் என்கிறோம். அவ்வாறாயின், நம்பிக்கையின் சின்னமாகிய காசிலேயே பிழை நேர்ந்துவிட்டால் அதன் மதிப்புக் குறையுமா, கூடுமா?

இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. நம் இல்லங்கள் பலவற்றில் பாட்டனார் காலத்துப் பெட்டியின் அடியில் அரபு எழுத்துப் பொறித்த காசு ஒன்றிரண்டு கிடக்கக் காணலாம். ஒரு சாரார் அதனை நிறைக்கு விற்று உருக்கிவிடக் கொடுக்கின்றனர். மற்றொரு சாரார், எழுத்துக் கோணியிருப்பதைக் கண்டு, "பிழைக்காசு, இலட்சக்கணக்கில் போகும்" என்று எவரோ சொன்னதை நம்பி ஏமாறுகின்றனர். இரண்டு நஷ்டத்திற்கும் காரணம் ஒன்றே: காசைப் படிக்கத் தெரியாமை. ஆகவே பிழைக்காசு எனப்படுவது கைக்கு வந்தால், விலையைக் கேட்குமுன் "இப்பிழை யாருடையது?" என்று கேட்க வேண்டும். அடித்தவன் பிழை, செதுக்கியவன் பிழை, படிப்பவன் பிழை என அது மூவகைப்படும்.

உமையா கலீபா அப்துல் மலிக் பின் மர்வான் அவர்கள் ஹிஜ்ரி 77-ல் (கி.பி. 696-97) உருவங்களை அறவே நீக்கி, எழுத்துகள் மட்டுமே பொலியும் தீனாரை வெளியிட்டார்கள். அதன் எடை ஏறத்தாழ 4.25 கிராம். வெள்ளித் திர்ஹமும் ஹிஜ்ரி 79 முதல் அவ்வாறே பெருமளவில் வெளிவரலாயிற்று. அக்காலத்தில் காசு அடித்தவை மனிதக் கைகளே. கீழ் அச்சை அசையாது பொருத்தி, அதன்மேல் உலோக வில்லையை வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். கை சற்று விலகினால் எழுத்து ஒரு பக்கம் ஒதுங்கும். இரண்டாம் அடி இடம் மாறினால் எழுத்து இரட்டிக்கும். முன் அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அடுத்த வில்லையை வைத்து அடித்துவிட்டால், புதுக் காசின் ஒரு பக்கம் எழுத்துப் புடைத்தும், மறுபக்கம் ஒட்டியிருந்த காசின் எழுத்தே குழிந்து, கண்ணாடியில் கண்டாற்போல் இடம் வலமாக மாறியும் அமையும்.

இவை அடித்தவன் பிழைகள். அன்றைய கடைவீதியில் இவற்றைப் பெரிதாகக் கருதியவர் இலர். எடையும் மாற்றுமே காசின் உயிர். எகிப்தில் தீனாரை நிறுத்துப் பார்ப்பதற்கென்றே கண்ணாடியால் ஆன எடைக்கற்கள் செய்யப்பட்டன. கையால் அடித்த காசில் கோணல் சகஜமாதலால், இன்றும் எழுத்து விலகிய பழங்காசுக்குப் பெரும்பாலும் விலை குறைவே. இயந்திரக் காசின் கதை வேறு. அங்கே பழுதானவை சோதனையில் கழிக்கப்படுகின்றன. தப்பி வெளியே வந்தவை அரிது. அரிதென்பதால் அவற்றிற்கு விலை ஏறுகிறது. இயந்திரக் காசுக்குரிய விதியைச் சம்மட்டிக் காசுக்குப் பொருத்துவதே பலர் ஏமாறுவதற்கு முதற்காரணம்.

இரண்டாவது, செதுக்கியவன் பிழை. அச்சில் எழுத்தை இடம் வலமாக மாற்றிச் செதுக்கினால்தான் காசில் அது நேராக விழும். எழுத்தறியாதவன் கையில் உளி அகப்பட்டால் விளைவது என்ன என்பதற்குச் சரித்திரத்தில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் நடுப்பகுதியாகிய மெர்சியாவை 757 முதல் 796 வரை ஆண்ட ஓஃபா என்னும் அரசர், கலீபா அல்மன்ஸூர் காலத்து ஹிஜ்ரி 157-ஆம் ஆண்டுத் தீனாரைப் பார்த்துப் பொற்காசு ஒன்றை அடிப்பித்தார். அரபு வாசகங்களுக்கு நடுவே "ஓஃபா ரெக்ஸ்", அதாவது "அரசர் ஓஃபா" என்று லத்தீன் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அரபு எழுத்தை நேராக வைத்துப் பார்த்தால் அரசர் பெயர் தலைகீழாக நிற்கிறது! அரபு வாசகத்திலும் பிழைகள் உள்ளன. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இக்காசு இருக்கிறது.

கலிமா பொறித்த இக்காசைக் காட்டி, ஓஃபா மன்னர் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார் என்று கூறியவர்கள் உண்டு. கேட்க இனிக்கும் செய்தியே. ஆனால் தலைகீழாக நிற்கும் அப்பெயர் அதற்கு இடந்தரவில்லை. தாம் பொறிப்பது கலிமா என்பதைச் செதுக்கியவர் அறியவே இல்லை. கலீபாவின் பொன்னுக்கு மேலை நாடுகளிலும் இருந்த மதிப்பே அவர்களை அவ்வாறு படியெடுக்கச் செய்தது. நம்மைப் பற்றிய பெருமையாயினும் உண்மைக்குப் புறம்பானதை ஏற்கலாகாது என்பதை அப்பிழையே நமக்குச் சொல்லித் தருகிறது. செதுக்கியவன் பிழைக்கு ஆராய்ச்சியாளர் தரும் மதிப்பு இத்தகையது.

மூன்றாவது, படிப்பவன் பிழை. மற்ற இரண்டையும்விட இதுவே மிகுதி. பழைய கூஃபி எழுத்தில் புள்ளிகள் இடப்படுவதில்லை. ஏழு என்பது "ஸப்உ". ஒன்பது என்பது "திஸ்உ". ஸீனுக்கு மூன்று பற்கள், பா, தா ஒவ்வொன்றுக்கும் ஒரு பல், இறுதியில் ஐன். ஆகவே புள்ளியை நீக்கினால் இரண்டிலும் நான்கு பற்களும் ஓர் ஐனுமே எஞ்சும். எழுபதும் தொண்ணூறும் இவ்வாறே மயங்கும். பா அல்லது தாவின் பல்லைச் சற்றே உயர்த்தி வேறுபடுத்திய செதுக்குநரும் உண்டு. அந்த நுட்பத்தைக் கவனியாதவர் ஆண்டைத் தவறாகப் படித்துவிட்டு, பழியை அக்கசாலையின் மேல் போடுவார்.

நம் நாட்டுக் காசுகளிலும் இம்மயக்கம் உண்டு. திப்பு சுல்தான் தம் ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில் மவ்லூதி ஆண்டுக் கணக்கைப் புகுத்தியபின், காசுகளில் எண்களை வலமிருந்து இடமாகப் பொறிக்கச் செய்தார். 1215 என்னும் ஆண்டு, பழகிய கண்ணுக்கு 5121 எனத் தோன்றும். அது பிழையன்று, அரசாணை. சென்னையில் கும்பினியார் 1807-க்குப் பின் இயந்திரத்தால் அடித்த ஆற்காட்டு ரூபாயிலோ, 1759-லேயே கொலையுண்ட முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டும் காணப்படும். மக்கள் பழகி நம்பிய காசின் முகத்தை மாற்றாமல் வேண்டுமென்றே வைத்துக்கொண்ட ஆண்டு அது. முகலாயர் ரூபாய்களில் அச்சு வில்லையைவிடப் பெரிதாக இருந்ததால், எழுத்தின் ஓரம் விடுபட்டிருப்பது வழக்கமே, அதுவும் பிழையன்று.

இவற்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு. அது பிழையன்று, மோசடி. இரண்டு காசுகளைப் பிடிப்பானில் வைத்து இறுக்கிக் குழிந்த எழுத்தை உண்டாக்குவார்கள். அப்படிச் செய்த காசில் பழைய எழுத்தின் மேலேயே குழிவு விழுந்திருக்கும், மறுபக்கம் நசுங்கியிருக்கும். வார்ப்புப் போலியாயின் மேற்பரப்பில் நுண்குழிகளும் விளிம்பில் பொருத்துக் கோடும் காணலாம், எடையும் பொருந்தாது. பழங்காசை வாங்குவதாகக் கூறித் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் பறிக்கும் கூட்டத்தாரைக் குறித்து 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விடுத்தது.

ஆதலின் வாசகர்களே! வீட்டில் பழங்காசு இருப்பின் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். தேய்ந்த எழுத்து மீளாது. எடையைக் குறித்து வையுங்கள். ஓதத் தெரிந்த பிள்ளைகளை அழைத்து, அதிலுள்ள பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். படித்தது விளங்காவிடின், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளதைப் போன்ற நாணயப் பிரிவுகளை நாடுங்கள். விலை பேசுவது அதன் பிறகு இருக்கட்டும். உருக்கிய காசு வெறும் உலோகம். படித்த காசோ, தன்னை அடித்தவனையும் செதுக்கியவனையும் நம் முன் கொண்டுவந்து நிறுத்தும் சாட்சி.