ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தை மருத்துவம்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் அரசு மருத்துவர், பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் இருப்பார். ஜோசப் போர் குழு 1946-இல் அளித்த அறிக்கை இத்தகைய நிலையங்களுக்கு வித்திட்டது. 1952 அக்டோபர் 2-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு அவை நாடெங்கும் அமையத் தொடங்கின. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அதன் கீழே துணை சுகாதார நிலையங்கள் உண்டு. வீடுதேடி வரும் கிராம சுகாதார செவிலியரின் பணியிடம் அவையே.

புறநோயாளிச் சிகிச்சை, பிரசவம், இரத்த, சிறுநீர்ப் பரிசோதனை, தடுப்பூசி, மருந்து எல்லாம் இங்கே இலவசம். மருந்துகளை மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக வாங்கித் தருவது 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். இங்கே மருந்துக்கு அவ்வளவாகத் தட்டுப்பாடு வராததற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். பனிப்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்ததும் செவிலியர் முதலில் பார்ப்பது அதன்மேல் உள்ள வட்டத்தைத்தான். வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம் இருக்கும். சதுரம் வெளிறி இருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் வெப்பம் பட்டுக் கெட்டது என்று பொருள், குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி; 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட்; 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா, மறு தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் நோய் கடைசியாகக் காணப்பட்டது 2011 ஜனவரியில். ஒரு தலைமுறைக்கு முன் தெருவுக்குத் தெரு தெரிந்த அந்த ஊனம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது இத்தகைய முகாம்களால்தான்.

குழந்தைகள் அதிகம் வருவது சளி, இருமல், காய்ச்சலோடு. பெரும்பாலானவை வைரஸால் வருபவை. சில நாட்களில் தானே தணியும். ஊசி போட்டால்தான் சரியாகும் என்று பெற்றோர் வற்புறுத்துவதும், தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கேட்பதும் குழந்தைக்கு நன்மை செய்வதில்லை. கவனிக்க வேண்டியது மூச்சு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதே. ஒரு பாக்கெட் உப்புசர்க்கரைப் பொடியை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இந்தக் கரைசலின் வலிமையை 1971-இல் வங்காள எல்லையின் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் காட்டினார். கூடவே 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரை. போக்கு நின்றுவிட்டதே என்று அதை இடையில் விட்டுவிடுபவர் பலர். முழுதும் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

சின்னம்மை கண்டால் வேப்பிலை வைப்பதில் தீங்கில்லை. மருத்துவரிடம் காட்டாமல் இருப்பதும், குழந்தையின் உணவைக் குறைப்பதும்தான் தீங்கு. கொப்புளங்கள் எல்லாம் பொருக்கு தட்டும் வரை பள்ளிக்கு அனுப்பக் கூடாது. ஆஸ்பிரினைத் தொடவே கூடாது. தட்டம்மை இதைவிடக் கொடியது: காய்ச்சல், சிவந்த கண், மூக்கொழுகல் என்று தொடங்கி, மூன்று நான்கு நாட்களில் காதுக்குப் பின்னால் தடிப்பு கிளம்பும். அடுத்தடுத்த இரு நாட்கள் வைட்டமின் ஏ கொடுப்பது கண்ணையும் உயிரையும் காக்கும். பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் அரசு அட்டவணையில் அவை இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, காய்ச்சல் ஏறும்போது சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும். வீடே அலறிப்போகும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதாலோ வாயில் கரண்டி வைப்பதாலோ வலிப்பு நிற்காது. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். நின்ற பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும். டெங்குவிலோ காய்ச்சல் இறங்கும் நாளே ஆபத்தான நாள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை போக வேண்டும்.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாலோ, வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.