ஏழு டாலர் அறிவிப்பு

மந்த காலத்தில் கம்பெனி அறிவிப்பு எழுதுவது என் வேலை. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில். ஷிப்ட் மாறும்போது பலகை முன் கூடுகிறவர்கள் முதல் பாராவைப் படிப்பதே இல்லை. கண் நேராக எண்ணைத் தேடும்: எத்தனை நாள் லே-ஆஃப், எத்தனை பேருக்கு. கான்ட்ராக்ட் பையன்கள் ஓரமாக நிற்பார்கள். அவர்களைப் பற்றிப் பலகையில் ஒரு வரியும் இருக்காது. ஹென்றி ஃபோர்டின் 1929 அறிவிப்பை நான் படிப்பதும் அந்த ஓரத்தில் நின்றுதான்.

நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த அடுத்த மாதம், நவம்பர் 21 அன்று, ஜனாதிபதி ஹூவர் பெருமுதலாளிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துக் கூலியைக் குறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஃபோர்டு ஒரு படி மேலே போனார்: கூலியை உயர்த்தப் போவதாகவே அறிவித்தார். டிசம்பரில் குறைந்தபட்ச நாள் கூலி 6 டாலரிலிருந்து 7 டாலர் ஆனது. நாடே பாராட்டியது.

அறிவிப்பில் பொய் இல்லை. தலைக்கு எவ்வளவு என்று சொன்னது. எத்தனை தலை என்று சொல்லவில்லை. இதே ஃபோர்டு கம்பெனியில் 1929 மார்ச்சில் டெட்ராய்ட் வட்டாரத்தில் சுமார் 1,28,000 பேர் வேலை பார்த்தார்கள். 1931 ஆகஸ்டில் மிஞ்சியது சுமார் 37,000. உள்ளே செய்த உதிரிபாகங்கள் பல, குறைந்த கூலி கொடுக்கும் வெளிப் பட்டறைகளுக்குப் போயின. மிஞ்சியவர்கள் முதுகில் வேகம் ஏற்றப்பட்டது. ஏழு டாலரும் நிலைக்கவில்லை: 1931 முடிவதற்குள் ஆறு, 1932இல் நான்கு.

வேலை போனவர்களுக்குச் சோறு போட்டது யார் என்பதும் எனக்கு முக்கியம். ஃபோர்டின் ரூஜ் ஆலை இருந்தது பக்கத்து ஊரான டியர்பார்னில். ஆட்கள் பெரும்பாலும் குடியிருந்தது டெட்ராய்ட்டில். ஆலையின் வரி ஓர் ஊருக்கு, பசித்த குடும்பம் இன்னோர் ஊருக்கு. நிவாரணச் செலவு முழுக்கத் தன் நகரத்தின் தலையில் விழுகிறது என்று டெட்ராய்ட் மேயர் ஃபிராங்க் மர்ஃபி வெளிப்படையாகவே குறைபட்டார்.

1932 மார்ச் 7, கடுங்குளிர். வேலையில்லாத சில ஆயிரம் பேர் கோரிக்கை மனுவோடு ரூஜ் ஆலையை நோக்கி நடந்தார்கள். வேலை கொடு, வேகத்தைக் குறை, ஃபோர்டு மருத்துவமனையில் இலவச வைத்தியம் கொடு, கறுப்பினத்தவரை ஒதுக்காதே: மனுவில் இருந்தவை இப்படிப்பட்டவைதான். டியர்பார்ன் எல்லையில் கண்ணீர்ப்புகை. ஆலை வாசலில் தீயணைப்புக் குழாயிலிருந்து பனி நேரத்துத் தண்ணீர். பிறகு துப்பாக்கி. சுட்டதில் நகரப் போலீசும் இருந்தது, ஹாரி பென்னட் தலைமையிலான ஃபோர்டு கம்பெனிக் காவல்படையும் இருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். காயம்பட்ட ஐந்தாமவர் சில மாதங்களில் இறந்தார். மனுவை வாங்கிக்கொள்ள ஓர் அதிகாரியை வாசலுக்கு அனுப்பியிருக்கலாம். எத்தனையோ மனுக்கள் வாசலில் கைமாறுவதைப் பார்த்த எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

அதே ஆண்டு ஜூனில் ஃபோர்டு காசு கொடுத்துப் பத்திரிகைகளில் விளம்பரம் வெளியிட்டார், வேலையின்மை பற்றித் தன் பெயரிலேயே. தர்மத்தை நம்பாதீர்கள், தன் கையே தனக்குதவி, நிலத்தில் பயிர் செய்யுங்கள் என்பது அதன் சாரம். டெட்ராய்ட்டில் வாடகை பாக்கிக்காகச் சாமான்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது.