கடாரம் கொண்ட கணக்கும் மாண்டவர் கணக்கும்

கடாரம் என்னும் பெயர் தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. முதலாம் இராசேந்திரன் ‘கடாரங் கொண்டான்’ என்னும் விருதுப் பெயரால் விளங்கியதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அக்கடாரமே இன்றைய கெடா மாநிலம் என்பது அறிஞர் பலரும் ஒப்பிய முடிவு. கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி முதலிய ஊர்களில் வாழும் தமிழர் அந்தப் பழம்பெயருக்கு உரிய மண்ணிலேயே வாழ்கின்றனர். ஆகவே, கடாரப் படையெடுப்பைப் பாடமாக நடத்தும்போது ஆசிரியர் குரலில் பெருமிதம் தோன்றுவது இயல்பே.

ஆனால், அதே மண்ணுக்கு வேறு படைகளும் வந்திருக்கின்றன. 1821 இல் சயாமியர் படை வந்தது. 1941 இல் ஜப்பானியர் படை வந்தது. கடைசியாக வந்த படையின் காலத்தில் தமிழர் வென்றவர் அல்லர், வாரிக்கொண்டு போகப்பட்டவர். இப்படையெடுப்புகளை அடுத்தடுத்து வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். வென்றவன் தான் கொண்ட பொருளை எண்ணி எழுதி வைக்கிறான். அப்போரினால் மாண்ட எளிய மக்களை எண்ணுவதில்லை. எண்ணப்படாத அந்தக் கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டிய கடமை பிற்காலத்தாரைச் சேர்ந்தது.

நட்பும் படையும்

தமிழகத்துக்கும் கடாரத்துக்கும் இருந்த உறவு போரில் தொடங்கியதன்று, வாணிகத்தில் தொடங்கியது. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருளையும் பட்டினப்பாலை சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை கண்டார். மெர்போக் பக்கத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்து கண்ட கோயில் அடித்தளங்களும் கடல் வாணிகச் சின்னங்களும் அப்பழந்தொடர்புக்குச் சான்றாக நிற்கின்றன.

முதலாம் இராசராசன் காலத்தில் அவ்வுறவு உச்சத்தில் இருந்தது. கடாரத்து அரசன் ஸ்ரீ மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுப்பித்தான். அதற்கு 1006 ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் பள்ளிச்சந்தமாக வழங்கினான். சைவனாகிய சோழ மன்னன் கடல் கடந்த நாட்டு அரசனின் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்தது எத்துணைப் பெருந்தன்மை! அக்கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்து நிலைநாட்டியவன் அவன் மகன் இராசேந்திரன். பின்னாளில் லெய்டன் நகருக்குச் சென்றமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றவை அவையே.

அந்த இராசேந்திரனே 1025 இல் கடாரத்தின்மேல் கப்பற்படையை ஏவினான். இடைப்பட்ட காலம் இருபது ஆண்டு கூட நிறையவில்லை. சீன வாணிகத்துக்குச் செல்லும் கடல்வழியைப் பற்றிய போட்டியே காரணம் என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் உள்ள அவனது மெய்க்கீர்த்தி, கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அவன் யானைகளோடு அகப்படுத்தியதைச் சொல்கிறது. பெருநிதிக் குவியலைச் சொல்கிறது. வித்தியாதரத் தோரணத்தையும் மணிக்கதவுகளையும் சொல்கிறது. வென்ற ஊர்களை வரிசைப்படுத்துகிறது. சொல்லாதது ஒன்று உண்டு. அவ்வூர்களில் எத்தனை பேர் மாண்டனர், எத்தனை வீடுகள் எரிந்தன என்பதற்கு அங்கே இடமில்லை.

“அக்காலப் போர் முறையே அப்படி; இன்றைய அளவுகோலால் அன்றையாரை அளப்பது முறையா?” என்று வினவுவார் உளர். நல்ல வினாவே. ஆயினும், அளவுகோல் இன்றையது அன்று. இராசேந்திரனுக்கு ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்னே கலிங்கத்தை வென்ற அசோகன், அப்போரில் ஒரு நூறாயிரவர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை நூறாயிரவர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டதையும், அவர்களினும் பன்மடங்கினர் அதன் விளைவாக மடிந்ததையும் தானே பாறையில் பொறித்து வருந்தினான். வென்ற அரசனே மாண்டவரை எண்ணிய அரிய சான்று அது. தமிழிலும் அக்குரல் இல்லாமல் இல்லை. நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைந்து கிடக்க, நலங்கிள்ளி முற்றுகையிட்டிருந்தபோது, உள்ளே பாலின்றி அழும் குழந்தைகளை நினைவூட்டி இடித்துரைத்தவர் கோவூர்கிழார். இருவரில் எவர் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்று கூறிப் போரை விலக்க முயன்றவரும் அவரே. புறநானூற்றைப் போர்ப் பாட்டு நூல் என்று மட்டும் கற்பிப்போர் அப்புலவரை மறந்துவிடலாகாது.

துணைக்கு வருவதாக இருந்த படை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கெடாவை அச்சுறுத்தியது சயாம். அதற்கு எதிராகப் படைத்துணை கிடைக்கும் என்னும் நம்பிக்கையோடு கெடா சுல்தான் அப்துல்லா பினாங்குத் தீவை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க இசைந்தார். 1786 இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் கொடியேற்றினார். தீவு கிடைத்தது, துணை கிடைக்கவில்லை.

1821 நவம்பரில் லிகோர் அரசன் தலைமையில் சயாமியர் படை கெடாவுக்குள் புகுந்தபோது கம்பெனியின் துப்பாக்கிகள் வாளாவிருந்தன. மக்கள் பல்லாயிரவராய்ப் பினாங்குக்கும் செபராங் பிறைக்கும் ஓடினர். வயல்கள் தரிசாயின. சுல்தான் அகமது தாசுதீன் நாடிழந்து, 1842 வரை மீள இயலாது வாழ்ந்தார். 1826 இல் ஆங்கிலேயரும் சயாமியரும் செய்துகொண்ட பர்னி உடன்படிக்கை கெடாவில் சயாமின் பிடியை ஏற்றுக்கொண்டது. 1909 இல் மற்றோர் உடன்படிக்கையால் கெடாவின் மேலுரிமை சயாமிடமிருந்து ஆங்கிலேயர்க்குக் கைமாறியது. இவ்விரு தாள்களிலும் கையொப்பமிட்டவர் அயலார். கெடா மக்களை எவரும் கேட்கவில்லை.

பிரட்டுக் களத்தில் குறைந்த பெயர்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் கெடாவில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் வழியாக வந்த குடும்பங்கள் லயங்களில் குடியேறின. விடியுமுன் பிரட்டுக் களத்தில் கூடி, கிராணி பெயர் கூப்பிடக் குரல் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போவது அவர்கள் வாழ்வு. அவர்கள் பெயர் எழுதப்பட்ட ஏடு ஒன்று உண்டெனில் அது தோட்டத்துச் செக்ரோல் ஒன்றே.

1941 டிசம்பர் 8 இல் ஜப்பானியர் கோத்தா பாருவிலும், சயாமின் சிங்கோரா, பட்டாணிக் கரைகளிலும் இறங்கினர். சில நாள்களுக்குள் ஜித்ராவில் ஆங்கிலேயரின் அரண் உடைந்தது. அங்கே எதிர்த்து நின்றவருள் பெரும்பாலோர் பஞ்சாபியரும் ஜாட்டுகளும் கூர்க்காக்களுமாகிய இந்தியப் படையினர். டிசம்பர் 17 இல் கூலிம் வட்டாரத்துத் தித்தி கரங்கானில் ஸ்காட்லாந்துப் படையினர் தடுத்துப் பொருது பின்வாங்கினர். அந்நாள்களில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர் மட்டும் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். கெடாவில் பொருதவை இரண்டு பேரரசுகள். இரண்டுக்கும் வேண்டியிருந்தவை இரப்பரும் ஈயமும். மரம் வெட்டிய மக்களுக்கு அப்போரில் பகைவர் எவருமில்லை.

“ஆசியா ஆசியருக்கே” என்று முழங்கி வந்த ஜப்பானிய இராணுவம் விரைவில் தன் தேவையைச் சொல்லத் தொடங்கியது. 1942 நடுவில் மிட்வே கடற்போரில் தோற்ற பின், பர்மாவிலிருந்த தன் படைக்குக் கடல் வழியே பொருள் அனுப்புவது அதற்கு இடர் மிக்கதாயிற்று. எனவே சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயா வரை, மலையையும் காட்டையும் ஊடறுத்து 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப் பாதை போட முற்பட்டது.

முதலில் ஆசை காட்டினர்: நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவு இலவசம், சில மாதங்களில் திரும்பிவிடலாம். போனவர் திரும்பவில்லை, செய்தியும் வரவில்லை. பிறகு கட்டாயம் வந்தது. இன்ன தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு விதித்தனர். லாரிகளிலும் பின்னர்ச் சரக்கு வண்டிகளிலும் ஏற்றப்பட்டோர் பல நாள் பயணத்தின் பின் பான்போங்கில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே நடத்திச் செல்லப்பட்டனர். மனைவி மக்களோடு போனவரும் இருந்தனர்.

1943 நடுவில் மழையோடு வாந்திபேதி வந்தது. மலேரியாவும் சீதபேதியும் ஆறாப்புண்ணும் உடன் வந்தன. அதே பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சொல்லொணாத் துன்பம் அடைந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவர்களிடையே மருத்துவர் இருந்தனர். கொதித்த நீரையே குடிக்கச் செய்யும் படை ஒழுங்கு இருந்தது. இறந்தவரைப் பெயர் எழுதிப் புதைக்கும் வழக்கம் இருந்தது. தோட்டத்து மக்களுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

1943 அக்டோபர் 17 இல் இருபுறத்துத் தண்டவாளங்களும் ஒன்றுசேர்ந்தன. அதே மாதத்தில் ஜப்பான் கெடாவையும் பெர்லிஸ், கிளந்தான், திரங்கானுவையும் சயாமுக்குப் பரிசாகக் கொடுத்தது. ஆட்கள் ஒரு திசையில் கொண்டுபோகப்பட்டனர். நாடு மற்றொருவர் கைக்கு மாற்றப்பட்டது.

எழுதப்பட்டவரும் எழுதப்படாதவரும்

போர் முடிந்த 1945 ஆம் ஆண்டிலேயே போர்க்கைதிகளின் கல்லறைகளைத் தேடி ஒரு குழு அப்பாதை நெடுகச் சென்று, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டறிந்தது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்று ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். வெட்டப்பட்ட புல்வெளியில், பெயரும் வயதும் பொறித்த பலகைகள் வரிசை வரிசையாக உள்ளன. அவை அவ்வாறு போற்றப்படுவது தக்கதே.

அப்பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டவர் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் பேர் அளவில் என்றும், அவருள் மாண்டவர் 90,000 பேர் அளவில் என்றும் மதிப்பிடுவர். மலாயாவிலிருந்து போனவர் மட்டும் 75,000 பேர் அளவினர், பெரும்பாலோர் தமிழர். மாண்டவர் தொகை ஏட்டுக்கு ஏடு பதினாயிரக் கணக்கில் வேறுபடுகிறது. ஒரு சாராரின் சாவை ஆள் ஆளாக எண்ண முடிகிறது. மற்றொரு சாராரின் சாவைப் பதினாயிரம் பதினாயிரமாகத்தான் எண்ண முடிகிறது. போரின் கொடுமை கொலையோடு முடிவதில்லை என்பதற்கு இவ்வேறுபாடே சான்று.

தண்டவாளம் மட்டும் கணக்குத் தவறவில்லை. சயாம் எல்லைக்குள் இருந்த பகுதியைப் பன்னிரண்டரை இலட்சம் பவுனுக்கு ஆங்கிலேயர் சயாம் அரசுக்கே விற்றனர். 1967 இல் மலேசியாவும் ஜப்பானும் செய்த உடன்பாட்டின்படி ஜப்பான் இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்புள்ள உதவி தர இசைந்தது. அது இரண்டு கப்பல்களாக வந்தது. சயாமுக்குப் போனவரின் குடும்பத்துக்கு இன்னது என்று அவ்வுடன்பாட்டில் ஒன்றும் எழுதப்படவில்லை. கணவன் இறந்தானா இருக்கிறானா என்று அறியாமல், தாலியைக் கழற்றுவதா வேண்டாவா என்றும் தெரியாமல் லயத்து வாசலில் காத்திருந்த பெண்களின் ஆண்டுகளுக்கு எந்த நாணயத்திலும் விலை போடப்படவில்லை.

வாளெடுக்காதவர்க்கு ஒரு நடுகல்

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் இத்துயரை மலேசியத் தமிழிலக்கியத்தில் நிலைபெறச் செய்தன. 2023 இல் மலேசியத் தமிழர் முயற்சியால் காஞ்சனபுரியில் ஒரு நினைவுக்கல் எழுந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் நடுகல்.

தமிழாசிரியர் இப்பெயரைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலையாக வகுத்துரைக்கிறது. அது போரில் பட்ட வீரனுக்கு உரியது. காஞ்சனபுரியில் அது வாளெடுக்காதவர்க்கு, போர் இன்னது என்றே அறியாதவர்க்கு நாட்டப்பட்டது. மரபு இங்கே பிழைபடவில்லை; விரிந்திருக்கிறது. ஒரு குறை மட்டும் நிற்கிறது. நடுகல்லில் மாண்டவன் பெயரையும் அவன் செய்த செயலையும் எழுதுவது வழக்கம். இப்பல்லாயிரவர் பெயரையும் முழுமையாகக் கொண்ட ஏடு எங்கும் இல்லை.

செக்ரோல் ஏடுகள் பெரும்பாலும் அழிந்தன. கூலிம் வட்டாரத்தில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்து மக்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் போய்விட்டனர். 1943 இல் பத்து வயதாக இருந்து, தந்தை லாரியேறிப் போனதைக் கண்ட பிள்ளைக்கு இப்போது தொண்ணூறு வயது கடந்துவிட்டது. எஞ்சியிருப்பது சில வீடுகளில், சில நாவுகளில் மட்டுமே.

ஆனால், தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கடாரங் கொண்ட பாடம் நடக்கும் நாளில், அம்மெய்க்கீர்த்தி எவற்றை எண்ணியது, எவரை எண்ணவில்லை என்று மாணவரைக் கேட்கலாம். பிறகு, “உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்? அவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்?” என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மூன்று பெயர் கிடைத்தாலும் அவை மூன்றும் முன்பு எந்த ஏட்டிலும் இல்லாத பெயர்களாக இருக்கக்கூடும்.