மழைக்குக் கணக்கு வைத்தவர்கள்

2012 வசந்தம் தொடங்கியபோது இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் நிலத்தடி நீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அடுத்தடுத்து இரண்டு குளிர்காலங்கள் பொய்த்ததால், ஏப்ரல் 5 அன்று ஏழு குடிநீர் நிறுவனங்கள் தோட்டத்துக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சத் தடை விதித்தன. அந்த மாதமே மழை கொட்டித் தீர்த்தது. பிரிட்டன் முழுமைக்கும் 1910 முதலான கணக்கில் அப்படி நனைந்த ஏப்ரல் வேறில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை பெய்த மொத்த மழையோ, இங்கிலாந்து, வேல்ஸ் வட்டாரத்தின் 1766 முதலான கணக்கிலேயே முதலிடம் பிடித்தது. ஒரே பருவ மழைக்கு இரண்டு தொடக்க ஆண்டுகள் ஏன்? அளந்து எழுதிய தாள் எங்கே கிடைக்கிறதோ அங்கிருந்துதான் ‘இதுவரை இல்லாத மழை’ என்ற பேச்சே பிறக்க முடியும். வட்டார மழையின் வரலாற்றில் பாதி, அதை அளந்தவர்களின் வரலாறு.

பொழுதுபோக்காக அளந்தவர்களின் எண்ணை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லங்காஷயரில் 1677இல் அளக்கத் தொடங்கிய ரிச்சர்ட் டவுன்லி, கூரைமேல் புனல் வைத்து, ஈயக் குழாய் வழியே நீரைத் தன் அறைக்கே இறக்கிக்கொண்டார். நனையாமல் அளக்கலாம், ஆனால் கூரை ஏமாற்றும். 1766 ஜூலை முதல் ஓராண்டு, மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் லண்டனில் மூன்று மழைமானிகளை வைத்துப் பார்த்தார். தரையில் 22 அங்குலத்துக்கு மேல் சேர்ந்தது; வீட்டுக் கூரையில் 18; வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உச்சியில் 12தான். உயரத்தில் காற்று சுழன்று துளிகளை வாய்க்கு வெளியே அடித்துச் செல்கிறது என்று 1861இல் பொருளியலாளர் ஜெவன்ஸ் விளக்கினார். இந்தப் பிழைக்கு மருந்து, ஒழுங்கும் எண்ணிக்கையும். 1850களின் வறட்சிக்குப் பின் ஜார்ஜ் சைமன்ஸ் அதைத்தான் செய்தார். 1860ஆம் ஆண்டுக்கு அவர் திரட்டியது 168 இடங்களின் கணக்கு. 1900இல் அவர் மறைந்தபோது இடங்கள் 3,000ஐத் தாண்டியிருந்தன. ஐந்து அங்குல அகலச் செப்பு மழைமானி, விளிம்பு தரையிலிருந்து ஓர் அடி உயரம், காலை ஒன்பது மணிக்கு அளவு. பாதிரியார், மருத்துவர், தோட்டக்காரர் எனப் பலரும் கூலி வாங்காமல் இதைச் செய்தார்கள். ஒருவர் தவறாக எழுதினால், பக்கத்து ஊர்த் தாள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

புவி சூடேறும்போது பழைய தாள் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் மாறியிருக்கிறது என்று சொல்ல, முன்பு இருந்த அளவு தெரிய வேண்டுமே! இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கில் மிக அதிக மழை பெய்த மே மாதம் 1773இல் வந்தது. சுமார் 152 மி.மீ. 1910இலிருந்து மட்டும் படிப்பவர், வடிகாலுக்கு அளவு குறிக்கும்போது அந்த மாதத்தைக் காணவே மாட்டார். 2020இல் ஊரடங்கில் இருந்த 16,000 தன்னார்வலர்கள், கையெழுத்தில் கிடந்த 65,000 மழைத் தாள்களைப் பதினாறே நாளில் கணினியில் ஏற்றினார்கள். 1862ஆம் ஆண்டுக்குக் கணினியில் அதுவரை 19 மழைமானிகளின் கணக்குதான் இருந்தது. இப்போது 700க்கும் மேல். பிரிட்டனின் மழைத் தொடர் 1836 வரை பின்னோக்கி நீண்டது. இங்கிலாந்தின் மிக வறண்ட மே என்று 2020க்குத் தந்திருந்த இடமும் 1844க்குப் போய்விட்டது.