பக்கவாத்தியத்தின் பெருமை: பாலக்காடு மணி ஐயர்

மேனாட்டுச் சங்கீத அரங்கில் பியானோ வாசிக்கும் கலைஞர் தனியொருவராகவே மேடையின் நடுவில் அமர்வதுண்டு. அவை முழுவதும் அவருடைய பத்து விரல்களையே கவனித்திருக்கும். நமது கச்சேரி மரபு அத்தகையதன்று. இங்கே பாடகர் நடுநாயகமாக வீற்றிருப்பார். மிருதங்க வித்வான் ஒரு பக்கமாக அமர்ந்திருப்பார். அவருக்கென்று உரிய நேரம் தனி ஆவர்த்தனம் ஒன்றே. அப்பொழுதும் சபையிலே சிலர் எழுந்து காப்பி அருந்தச் செல்வதைக் காண்கின்றோம். அந்தப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தபடியே உலகறியப் புகழ் எய்திய ஒருவர் நமது பாலக்காட்டுச் சீமையில் வளர்ந்தார். அவரே பாலக்காடு மணி ஐயர். சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அவருடைய வரலாற்றை நம் குடும்பத்தினருக்கு, சிறப்பாக இளைஞர்களுக்கு, எடுத்துரைக்க விழைகின்றோம்.

திருவில்வாமலையை அடுத்த பழையன்னூரில் 1912-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். ராமசாமி என்பது இட்ட பெயர். மணி என்பது அழைத்த பெயர். தந்தையார் சேஷம் பாகவதர் பாட்டில் வல்லவர். பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து பாலக்காட்டுப் பகுதியில் குடியேறிய மரபினர் அவர்கள். வீட்டிலே தமிழ், வீதியிலே மலையாளம் என்னும் நமது நிலையே அவர்களுடைய நிலையும் ஆகும். நம் ஆனைக்கரைப் பக்கம் ஓடிவரும் பாரதப்புழையே திருவில்வாமலைப் பகுதியையும் தழுவி வருகின்றது.

அந்தச் சூழலோ தாளம் நிறைந்த சூழல். கோயில் திருவிழா என்றால் செண்டையும் மத்தளமும் திமிலையும் இடக்காவும் முழங்கும் நாடு இது. பஞ்சவாத்தியத்துக்கு இன்றுள்ள வடிவத்தை அமைத்தவர்களுள் ஒருவரான மத்தள வித்வான் வெங்கிச்சன் சுவாமியும் திருவில்வாமலைக்காரரே; தமிழ்க் குடியில் வந்தவரே. பிற்காலத்தில் மணி ஐயரின் வாசிப்பிலே செண்டையின் கம்பீரம் தொனித்ததென்று இசையறிந்தோர் கூறுவர்.

சாத்தபுரம் சுப்பையரிடம் இளமையிலேயே மிருதங்கம் பயிலத் தொடங்கினார். செம்பை வைத்தியநாத பாகவதர் இச்சிறுவனின் திறமையைக் கண்டு தம் கச்சேரிகளுக்கு வாசிக்க வைத்தார். 1920-களிலேயே சென்னை ரசிகர்கள் இச்சிறுவனின் பெயரை அறிந்தனர். பெயர் வந்துவிட்டது, இனிப் பயிற்சி எதற்கு என்று அவர் எண்ணினாரல்லர். தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் சென்று மீண்டும் மாணாக்கரானார். மலையாள நாட்டுத் திருவிழா முழக்கமும் காவிரிக் கரையின் பாடமுறையும் ஒரே கையில் கூடியது இவ்வாறுதான்.

அவர் செய்த புதுமை யாது? தாளத்தைக் காப்பது மட்டுமே மிருதங்கத்தின் பணி என்று அவர் கருதவில்லை. பாட்டையே அவர் பின்பற்றினார். பாடகர் ஒரு சங்கதியைப் பாடினால் அதன் வளைவு நெளிவுகளுக்கேற்பச் சொற்கட்டுகள் விழும். நிறுத்த வேண்டிய இடத்தில் கை நிற்கும். வாசிக்காத இடமும் வாசிப்பின் ஒரு பகுதி என்பதை உணர்த்தினார். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் போன்ற பெரியோர்களின் கச்சேரிகள் அவருடைய துணையால் மேலும் பொலிவுற்றன. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையை அவர் பெரிதும் போற்றினார். சமகாலத்தவரான பழனி சுப்பிரமணிய பிள்ளையும் ஒப்பற்ற வித்வானாக விளங்கினார்.

இங்கே மற்றொருவரையும் நினைவுகூர்வது நம் கடமை. தஞ்சையில் மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் பர்லாந்து என்பவர். பலா மரத்தைக் குடைந்து, பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்களைப் பதமறிந்து பொருத்தி, வாரிட்டு இழுத்து, வலந்தலையில் கருநிறப் பசையைப் படிப்படியாகத் தேய்த்து ஏற்றினால்தான் நாதம் பிறக்கும். மணி ஐயர் விரும்பிய நாதத்தைத் தோலிலே தேடிக் கொடுத்தவை பர்லாந்தின் கைகள். தோல் தொழிலைத் தாழ்வென்று கருதிய சமூகம் வாசித்தவருக்கு மாலையிட்டது. செய்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. இத்தொழிலாளர் குடும்பங்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூலாக வெளியிட்டார். பக்கவாத்தியத்தின் பெருமையைப் பேசும் நாம், அந்த வாத்தியத்துக்கும் பக்கபலமாக நின்றவரை மறத்தல் தகாது.

விருதுகள் மணி ஐயரை நாடி வந்தன. 1956-இல் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. 1965-இல் எடின்பரோ விழாவில், பாலக்காட்டவரே ஆகிய கே. வி. நாராயணசாமியின் பாட்டுக்கு லால்குடி ஜெயராமன் வயலினுடன் இவரும் வாசித்தார். சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் 1942-இல் ஏற்பட்டது. 1966-இல்தான் அது முதன்முதலாக ஒரு மிருதங்க வித்வானுக்கு வழங்கப்பட்டது. அவர் மணி ஐயரே. பழனி சுப்பிரமணிய பிள்ளையோ அதற்கு முன்பே, 1962-இல், மறைந்துவிட்டார். பக்கத்து இருக்கைக்கு மரியாதை எத்துணைத் தாமதமாக வந்தது என்பதை இவ்வாண்டுகளே உரைக்கும். 1971-இல் பத்மபூஷண் விருதும் அவரை அடைந்தது.

புகழின் உச்சியிலே அவர் ஒரு முடிவு செய்தார். ஒலிபெருக்கி வைத்த கச்சேரிகளுக்கு வாசிப்பதில்லை என்பதே அது. தொப்பியின் மெல்லிய கும்காரமும் வலந்தலையின் நுண்ணொலியும் கருவியின் வழியே சிதைகின்றன என்பது அவர் கருத்து. இதனால் வாய்ப்புகள் குறைந்தன, வருமானமும் குறைந்தது. அவர் கொள்கையை விடவில்லை. எனினும் எல்லாவற்றிலும் மாறாதவர் என்றும் சொல்வதற்கில்லை. பெண்மணிகளுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்தவர், பின்னாளில் டி. கே. பட்டம்மாளின் பாட்டுக்கு வாசித்தார். நல்ல நாதத்தின் முன் பழைய வழக்கம் தளர்ந்தது என்றே நாம் கொள்கின்றோம்.

ஆந்திர நாட்டு ரிஷி வேலிப் பள்ளியிலும் அவர் மிருதங்கம் கற்பித்தார். ரங்கூனில் பிறந்த பாலக்காடு ரகுவும், 2010-இல் பத்மவிபூஷண் பெற்ற உமையாள்புரம் சிவராமனும் அவரிடம் பயின்றவர்கள். 1981-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் மணி ஐயர் இயற்கை எய்தினார்.

பிற மொழியினர் நாட்டில் வாழும் நமக்கு இவ்வரலாறு கூறும் பாடம் ஒன்றுண்டு. நாமும் ஒருவகையில் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவர்களே. நடுவில் ஒலிப்பது இந்நாட்டு மக்களின் பாட்டு. அதைச் செவி கொடுத்துக் கேட்டு, அதற்கு இசையச் சேர்ந்து, அதே வேளையில் நமக்குரிய நாதத்தை இழவாது வாழ்தல் எளிதன்று; ஆயினும் இயலும். மணி ஐயர் மலையாள மண்ணின் முழக்கத்தை ஏற்றார். தஞ்சைப் பாடத்தையும் விட்டாரில்லை. நம் காலனியிலே சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் வாரம் ஒரு மாலையேனும் தமிழும் இசையும் கற்பிக்க நம் சங்கம் முன்வருமாயின், அதுவே அவருக்கு நாம் செய்யும் வணக்கமாகும். பெற்றோர்கள் இதற்கு ஆவன செய்வார்களென நம்புகின்றோம்.