அவலரக்கும் கடைசல் காலும்

பாலிஷ்காரர்கள் ஷெல்லாக் என்று சொல்வதற்குத் தமிழில் அவலரக்கு என்று பெயர். அரக்கை உருக்கி, வடிகட்டி, மெல்லிய தகடாக இழுத்து, ஆறியதும் நொறுக்கினால் பார்வைக்கு அவல் மாதிரியே இருக்கும். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இன்னொரு பெயரும் ஞாபகம் வரும்: 'லாக் ஆன் எக்காய்'. எக்காய் என்றால் செதில். இதைத்தான் ஆங்கிலேயர்கள் மொழிபெயர்த்து 'ஷெல்லாக்' ஆக்கினார்கள். 'லாக்' என்பதும் நம் நாட்டிலிருந்து போன 'லாக்ஷா' என்ற வடசொல்தான். அவர்கள் அதில் மீன் செதிலைப் பார்த்தார்கள், நாம் அவலைப் பார்த்தோம்.

அரக்கு மாளிகைக் கதை தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் அரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலரும் மரத்துப் பிசின் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களும் அப்படி நினைத்துத்தான் 'கோம் லாக்', அதாவது அரக்குப் பிசின் என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அது ஒரு சிறு பூச்சி தன்னைச் சுற்றிக் கட்டும் கூடு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் இந்தப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டு சாற்றை உறிஞ்சும். கிளையோடு வெட்டி எடுத்தால் கொம்பரக்கு. சுரண்டிக் கழுவி உருக்கினால் அவலரக்கு. இன்றைய ஜார்க்கண்ட் பக்கம்தான் இதற்குப் பேர் போனது. ராஞ்சிக்கு அருகே நாம்குமில் 1924இலேயே இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள்.

ஐரோப்பியர்கள் முதலில் அரக்கைத் தேடியது அதிலிருந்து வரும் சிவப்புச் சாயத்துக்காகவும், கடிதங்களுக்கு முத்திரை வைக்கவும். குமாஸ்தாவாக இருந்த எனக்கு அரக்கு என்றாலே உறையும் முத்திரையும்தான். வேடிக்கை என்னவென்றால், நம் அரக்கில் செய்த அந்த முத்திரை மெழுகுக்குப் பிரெஞ்சில் 'சீர் தெஸ்பாஞ்', அதாவது ஸ்பெயின் மெழுகு என்று பெயர்! 1856க்குப் பிறகு செயற்கைச் சாயங்கள் வந்து அரக்குச் சாயம் மங்கியது. பளபளப்புக்கு மட்டும் மவுசு நின்றது.

கடைசல் மரத்துக்கு அரக்கு ஏற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நம்முடையது. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான், கர்நாடகத்துச் சன்னபட்டணப் பொம்மை, ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்கப் பொம்மை எல்லாம் இந்த வழிதான். வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். சன்னபட்டணத்தில் அதன் மேல் தாழை இலையை வைத்து அழுத்தி மெருகேற்றுவார்கள். ஸ்பிரிட்டும் வேண்டாம், பிரஷும் வேண்டாம்.

இன்னொன்று பிரெஞ்சு வழி. கடைசலை அவர்கள் பெரிய கலையாகவே மதித்தார்கள். 1701இல் லியோன் நகரில் சார்ல் ப்ளுமியே என்ற துறவி கடைசலுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அவர் தாவரவியலாளரும்கூட. நம் வீடுகளில் நிற்கும் ஈழத்தலரிக்கு ப்ளுமேரியா என்ற பெயர் அவரால் வந்ததுதான். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே மர சாமான்களுக்குப் பெரும்பாலும் தேன்மெழுகுதான். ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கைப் பஞ்சு வைத்த துணிப்பொட்டலத்தால் மெல்ல மெல்லத் தேய்த்து ஏற்றும் 'வெர்னி ஓ தம்ப்போன்' 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவியது. ஆங்கிலேயர் அதற்குப் பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர் வைத்தார்கள். ஆக, நம் அரக்கு கடல் தாண்டிப் போய், பிரெஞ்சுப் பெயரோடு திரும்பி வந்தது.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் இந்தக் கைவேலையை இன்றும் பார்க்கலாம். ஈட்டி, தேக்குக் கட்டில் கால்கள், தொட்டில் கம்பங்கள், சாய்வு நாற்காலிகள். இப்போது பலர் அவற்றைச் சுரண்டி, பிளாஸ்டிக் உறை போல மினுங்கும் பூச்சு அடித்துவிடுகிறார்கள். அந்தப் பூச்சு உரிந்தால் முழுக்கச் சுரண்டாமல் வழியில்லை. அவலரக்கு அப்படியல்ல. புதுப் பூச்சிலுள்ள ஸ்பிரிட் பழைய பூச்சைச் சற்றே கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். "பழசோட புதுசு ஒட்டிக்கும் சார், பயப்படாதீங்க" என்பார் எங்கள் தெருப் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரு பாலிஷ்காரர். நூறு வருட நாற்காலியை நூறு வருடமும் பழுது பார்க்க முடிந்தது இதனால்தான்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஈட்டி, தேக்குக்கு ஆரஞ்சு நிற அவலரக்கு. வெளிர் மரத்துக்கு வெளுத்த அரக்கு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் போட்டால் மெல்லிய கரைசல், 240 கிராம் போட்டால் கெட்டி. கடைசல் வேலைக்கு மெல்லியதே நல்லது; கெட்டியாக இருந்தால் பள்ளங்களில் தேங்கும். கண்ணாடிப் பாட்டிலில் கரையுங்கள். இரும்பு பட்டால் கறுக்கும். கரைத்ததை மாதக்கணக்கில் வைத்துப் பழையதாக்கினால் காயாமல் பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். ஈரம் சேர்ந்து வெள்ளை பூக்கும். பட்டறையில் மெதுவான சுழற்சியில் தடவுங்கள்; துணியை விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், விஷமும்கூட. அடுப்பங்கரைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். சூடான காபி டம்ளர் வைக்கும் மேசைப் பலகைக்கு அரக்கு ஒத்துவராது. கால்களுக்கும் கம்பங்களுக்கும் அதைவிட நல்லதில்லை.

உங்கள் வீட்டுப் பழைய சாமானைச் சுரண்டக் கொடுக்கும் முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டுத் தொட்டுப் பாருங்கள். பூச்சு இளகிப் பஞ்சில் ஒட்டினால் அது அநேகமாக அவலரக்குதான். சுரண்டும் ஆளை அனுப்பிவிட்டு, பாலிஷ் தெரிந்த ஆளைத் தேடுங்கள். அப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வேலை கொடுத்தால்தான் இருப்பார்கள்.