பழுதல்ல, பூட்டு
டிவிடி ஓடவில்லை என்றால் பனியன் துணியால் துடைத்துப் போடுவதுதான் எங்கள் வீட்டு முதல் வைத்தியம். கீறல் இருந்தால் டிஸ்க் மேல பழியைப் போட்டுடலாம். ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த புத்தம்புது டிஸ்க்கும் ஓடாது. ஏன்?

அது பழுதே அல்ல, பூட்டு என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டு விற்பனைக்காகப் படக் கம்பெனிகள் உலகத்தை 6 மண்டலங்களாகப் பிரித்திருந்தன. அமெரிக்கா 1, இந்தியா 5. அந்த ஊர் டிஸ்க்கை இந்த ஊர் பிளேயர் ஏற்காது. அதற்கும் மேல், படத்தையே குறியாக்கம் செய்து பூட்டும் சிஎஸ்எஸ்.

1999-இல் அந்தக் குறியாக்கத்தை உடைக்கும் நிரல் இணையத்தில் வெளியானது. அதில் பங்கிருந்த நார்வேக்காரர் யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. வழக்குப் போட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கைத் திறந்து பார்ப்பது குற்றமல்ல என்று 2003-இல் ஆஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய விஎல்சி திட்டமும் இதே பூட்டைத் திறக்கத் தனி நிரல் எழுதியது. நம்ம கம்ப்யூட்டரில் இருக்கும் ஆரஞ்சுக் கூம்பு அதுதான்.

இன்று ஆப்பில் 'இந்தப் படம் உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வந்தால் நெட்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பயனில்லை. அதே மண்டலப் பூட்டுதான். அன்றைக்குக் கையில் டிஸ்க்காவது இருந்தது.